உச்சிப் பாதிரியும் கடைசிப் பனையும்

எங்கள் மிஷன் காம்பவுண்டில் படித்து உபதேசியாராகப் போன அத்தனை பேருக்கும், வெள்ளைக்கார மிஷனரித் துரை பரீட்சை வைக்கும் முன்னால் பரீட்சை வைத்தவர் ஒருவர் உண்டு. அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. எங்கள் வேதக் கோயிலுக்குள் அவர் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை. தரையில் நிற்கும்போது அவர் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்ததாகவும் சரித்திரம் இல்லை. எல்லாப் பரீட்சையும் பனை உச்சியிலிருந்துதான்.

அவர் பனையேறி. பிள்ளைகளாகிய நாங்கள் அவருக்கு வைத்த பெயர் உச்சிப் பாதிரி. துரையின் காதுக்கு எட்டாத இடத்தில் பெரியவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

திருவிதாங்கூர் ராஜா காலத்து விஷயம் இது. நாகர்கோவிலுக்கு மேற்கே இருந்தது அந்தக் காம்பவுண்டு. கிராமத்துச் சபைகளுக்கு அனுப்ப உபதேசியார்களைத் தயார் செய்கிற இடம். கலியாணமான ஆண்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து இரண்டு வருஷம் தங்கிப் படிக்கவேண்டும். நீளமாக ஒரே ஓட்டுக் கூரை, அதன் கீழே பன்னிரண்டு வீடு. முதல் வீட்டில் கருவாடு சுட்டால் பன்னிரண்டாம் வீட்டில் அந்த மணத்திலேயே கஞ்சி குடித்துவிடலாம். மணி அடித்ததும் ஆண்கள் வேதபாடத்துக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போவோம். பெண்கள் துரைசாணி அம்மாவிடம் எழுத்துப் படிக்கவும் லேஸ் பின்னவும் போவார்கள். நானும் என் அம்மாவும் ஒரே வாரத்தில்தான் 'அ' எழுதினோம். அம்மா எழுதின 'அ' என்னுடையதைவிட அழகாக இருந்ததில் எனக்கு நாலு நாள் வருத்தம்.

உபதேசியாருக்கு முக்கியமாக வேண்டியது சத்தம். மைக்கும் ஒலிபெருக்கியும் இல்லாத காலம். தொண்டைதான் எல்லாம். அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வீடுகளுக்குப் பின்னால் ஒரு பனைவிளை, பனந்தோப்பு. பொழுது விடிந்ததும் பன்னிரண்டு ஆண்களும் அங்கே போய் ஆளுக்கு ஒரு பனையின் முன்னால் நின்றுகொள்வார்கள். அந்தப் பனைதான் அவருக்குச் சபை. அதைப் பார்த்து, "அன்பான சகோதரரே, சகோதரிகளே" என்று ஆரம்பிப்பார்கள். பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில். ஒருவர் நரக அக்கினியைப் பற்றி முழங்குவார். பக்கத்துப் பனைக்காரர் கலியாண வீட்டு விருந்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். தெரியாத ஆள் யாராவது வழியே போனால், பனைகளோடு இவர்களுக்கு ஏதோ வரப்புத் தகராறு என்றுதான் நினைப்பான்.

அதே நேரத்தில் உச்சிப் பாதிரி ஏதாவது ஒரு பனையின் மேலே இருந்து பாளை சீவிக்கொண்டிருப்பார். பதநீரை எங்கள் பக்கம் அக்கானி என்போம். அக்கானி இறக்கும் காலம் முழுக்க காலையிலும் மாலையிலும் அவருக்கு மேலேதான் குடியிருப்பு. கீழே நடக்கிற பன்னிரண்டு பிரசங்கமும் அவர் காதுக்குத் தனித்தனியாக எப்படித்தான் போய்ச் சேர்ந்ததோ!

களியக்காவிளையிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். நல்ல வெண்கலத் தொண்டை. பிரசங்கம் ஆரம்பித்தால் முடிக்கத் தெரியாது. ஒரு நாள் உலகத்தையே அழித்த அந்தப் பெருமழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேழைக்குள் யானை போனது, ஒட்டகம் போனது, கோழி போனது, இன்னும் மழை விடவில்லை. உச்சியிலிருந்து குரல் வந்தது.

"ஓய், களியக்காவிளை! நாப்பது நாள் மழைய நாப்பது நாளும் பெய்ய விடுவேரோ? கொஞ்சம் வெறிக்க விடும் ஓய், நான் இறங்கணும்!"

களியக்காவிளைக்காரர் அன்றைக்கே மழையை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அவர் பிரசங்கம் அரைமணிக்கு மேல் போனதில்லை. மாதக்கணக்காகத் துரை சொல்லியும் நடக்காத காரியம் அது.

இன்னொருவர், ஆண்டவரைப் பார்க்க ஆசைப்பட்டு மரத்தில் ஏறின குள்ளமான வரிக்காரனுடைய கதையை எடுத்தார். மரம் என்ற சொல்லைக் கேட்டதும் மேலே அரிவாள் சத்தம் நின்றது. தொழில் சம்பந்தமான விஷயம் அல்லவா?

"ஓய், அந்த ஆளு தடி சாத்தி ஏறினானா, காலுல தளைநார் போட்டு ஏறினானா?"

"அது வேதத்துல எழுதியிருக்கல்லியே" என்றார் கீழே நின்றவர்.

"அப்போ எழுதினவரு மரம் ஏறாத ஆளாக்கும். செரி, பொறவு?"

"ஆண்டவரு நிமிந்து பாத்து, சட்டுண்ணு இறங்கி வாண்ணு சொன்னாரு."

மேலே மட்டை ஒன்று சடசடத்தது. பிறகு குரல் கோபமாக வந்தது. "மரத்துல இருக்கவன சட்டுண்ணு இறங்குண்ணு எவனாவது சொல்லுவானா ஓய்? கால் வழுக்கிச்சுண்ணா ஆரு சமாதானம் சொல்லுயது? ஆண்டவரு அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டாரு. நல்லா விசாரிச்சுட்டு வாரும்."

அந்த மனுஷர் உண்மையிலேயே துரையிடம் போய் விசாரித்தார். துரை மூன்று தடித்த புத்தகங்களை விரித்துத் தேடிவிட்டு, அந்த மனிதன் எப்படி இறங்கினான் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டாராம். மறுநாள் காலையில் இந்தச் செய்தி பனைக்கு மேலே போனது. "செரி, அப்போ தொரைக்கும் தெரியல்ல" என்று பதில் வந்தது.

இப்படி மேலே சிங்கமாக இருக்கிறவர், தரையில் கால் பட்டதும் வேறு ஆள். எதிரே யாராவது வந்தால் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பெண்கள் வந்தால் பனைக்குப் பின்னால் போய்விடுவார். ஒரு நாள் துரையே அவரை வழியில் நிறுத்தி, "நீர் சுகமாக இருக்கிறீரா?" என்று விசாரித்தார். இவர் பெருவிரலைப் பார்த்தார். துரை காத்திருந்து பார்த்துவிட்டுப் பங்களாவைப் பார்த்து நடந்தார். அவர் பங்களாப் படியில் ஏறும் நேரம், தூரத்துப் பனை ஒன்றிலிருந்து பதில் வந்தது. "சொகந்தான் தொரே! அங்க தொரைசாணிக்கு எப்பிடி?"

உச்சிப் பாதிரியின் மனைவி பனைவிளை ஓரத்துக் குடிசையில் அக்கானி காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவாள். என் அம்மா அவளிடம் கேட்டே விட்டாள். "வீட்டுலயாவது பேசுவாரா பிள்ளே?"

"அவியளா? பேசணும்ணா முத்தத்து முருங்கையில ஏறுவாவ. எங்க கலியாணம் பேசி முடிச்சதே பனையில இருந்தாக்கும். எங்க அப்பா கழுத்து வலிக்க வலிக்கக் கீழ நிண்ணு கேட்டாரு."

புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லும் வழக்கம் அன்று கிடையாது. 'அவிய' என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்தும் ஒரு பெயரும் வரவில்லை.

இனி என் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா தேங்காய்ப்பட்டணம் பக்கத்தில் கயிறு திரித்தவர். கயிறு திரிக்கிறவர் நுனியை ராட்டில் மாட்டிவிட்டு, மடியிலிருந்து தேங்காய் நார்த் தும்பை விட்டு விட்டுப் பின்னால் பின்னால் நடக்கவேண்டும். யாரோடும் பேச வேண்டாம். பதினைந்து வருஷம் அப்படி நடந்தவருக்கு ஊழியத்துக்குப் போகவேண்டும் என்று மனதில் ஏவுதல் வந்தது. ராட்டையும் இடத்தையும் பெரியப்பாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மனம் வந்த அளவுக்குச் சத்தம் வரவில்லை. நாலு பேர் முகத்தைப் பார்த்தால் அப்பாவுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், கால் தன்னால் பின்னால் போகும்.

முதல் பரீட்சைப் பிரசங்கத்தில் அப்பா ஒவ்வொரு வசனத்துக்கும் ஓர் அடி பின்னால் வைத்து, கடைசியில் சுவரில் பல்லிபோல ஒட்டிக்கொண்டு நின்றார். இரண்டாவது பரீட்சையில் பின்னால் இருந்த கதவைச் சாத்த யாரோ மறந்துவிட்டார்கள். 'ஆமென்' வெளியே வராந்தாவிலிருந்து கேட்டது.

துரை நல்லவர். கூப்பிட்டு மெதுவாகவே சொன்னார். "நீர் சபையைவிட்டு ஓடுகிறீர். மூன்றாம் முறையும் இப்படியானால், நீர் உம்முடைய ஊருக்குத் திரும்பிப்போய்க் கயிறு திரிப்பது நலம். அதுவும் தேவனுக்குப் பிரியமான வேலையே."

தேவனுக்குப் பிரியமாக இருக்கலாம். ஆனால் ராட்டு பெரியப்பா கையில் இருந்தது. அதைவிடப் பெரிய காரியம் எனக்கு ஒன்று இருந்தது. எங்கள் ஊரில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. நான் இரண்டாம் பாடப் புத்தகத்தில் பாதியில் இருந்தேன். கிணற்றில் விழுந்த நரி வெளியே வந்ததா இல்லையா என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. அம்மா அப்போதுதான் எழுத்துக் கூட்டி ஒரு சங்கீதம் வாசிக்க ஆரம்பித்திருந்தாள். பாத்திரங்களை எடுத்துக் கூடையில் வைத்துப் பார்த்தாள், திரும்ப வெளியே எடுத்தாள்.

"நான் ஒரு காரியம் கேக்கேன். உங்க இடுப்புல கயித்தக் கெட்டி, மேசைக் காலுல முடிஞ்சு விடட்டா?" என்றாள்.

அப்பா மேசைக் காலைப் பார்த்தார். உண்மையிலேயே அதை யோசித்துப் பார்க்கிறார் என்று முகத்தில் தெரிந்தது.

பனைவிளையில் அப்பா எப்போதும் கிணற்றுப் பக்கத்தில் ஒதுங்கி நின்ற கடைசிப் பனையைத்தான் பிடித்துக்கொள்வார். அதனிடம் ரகசியம் சொல்வதுபோலப் பிரசங்கம் பண்ணுவார். உச்சிப் பாதிரிக்கு அது பொறுக்கவில்லை.

"ஓய், கடைசிப் பனை! ஒண்ணும் கேக்கல்ல!"

அப்பா கொஞ்சம் சத்தத்தைக் கூட்டுவார். ஓர் அடி பின்னால் போவார்.

"பின்னால போவாதேயும் ஓய், கிணறு கெடக்கு! முன்னால வந்து சொல்லும்!"

அன்று முதல் காம்பவுண்டில் அப்பாவுக்குக் கடைசிப் பனை என்றே பெயர் ஆகிவிட்டது. தினமும் இதேதான். மேலேயிருந்து, "கேக்கல்ல!" கீழேயிருந்து இன்னும் கொஞ்சம் சத்தம். மட்டைகளுக்கு நடுவே அவர் முகம் தெரியாது என்பதால் அப்பாவுக்குப் பயமும் இல்லை. ஒரு மாதத்தில் அப்பாவின் சத்தம் கிணறு தாண்டியது. இன்னொரு வாரத்தில் எங்கள் அடுக்களைக்கு வந்தது. கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்த அம்மா அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு, "ஏட்டி, அது உங்க அப்பாக்க சத்தமா?" என்றாள். ஆனால் மனுஷ முகத்தைக் கண்டால் பழையபடி பின்னால் நடைதான்.

எனக்கு உச்சிப் பாதிரியைப் பற்றியே யோசனை. நானும் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிற பிள்ளை. கீழே ஊமையாக இருக்கிறவருக்கு மேலே போனதும் என்ன ஆகிறது? அங்கே அப்படி என்ன இருக்கிறது? ஒரு சாயங்காலம் அவர் ஏறின பனைக்குக் கீழே போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தால் இரண்டு உள்ளங்கால் மட்டும் தெரிந்தது. உள்ளங்காலோடு பேச எனக்குக் கூச்சமாக இல்லை.

"மாமா! கீழ நிக்கும்ப நீங்க ஏன் பேச மாட்டிய?" என்று கத்தினேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

"ஆரது, கடைசிப் பனைக்க மவளா?"

"ம்."

"ம்-ணா இங்க கேக்காது."

"ஆமா!"

அரிவாள் இரண்டு தரம் பாளையில் பட்டது. பிறகு சொன்னார். "கீழ எல்லாரும் மூஞ்சியப் பாக்காவ பிள்ளே. இங்க ஆரு பாக்கா? காக்காதான் பாக்கும். அது ஒண்ணும் கேக்காது."

"பொறவு, கோயிலுக்கு ஏன் வர மாட்டிய?"

"உள்ள பனை இல்லியே. வெளிய ஒண்ணு நிக்கில்லா, நான் வாறேனே! நீ கண்டதில்லியா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நான் ஜெபத்துக்குக் கண்ணை மூடவில்லை. தெற்கு ஜன்னலுக்கு வெளியே காய்ப்பு நின்றுபோன கிழட்டுப் பனை ஒன்று நின்றது. சீவப் பாளை கிடையாது, கட்டக் கலயம் கிடையாது. தொழில்காரருக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. அதன் உச்சியில் இரண்டு உள்ளங்கால் தெரிந்தது. நான் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

மூன்றாவது பரீட்சை ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கோயிலுக்குள். முன் பெஞ்சில் துரை, கையில் நோட்டும் பென்சிலும். அவருக்குப் பின்னால் படிக்கிற ஆண்கள். கடைசியில் பாயில் நாங்கள். பிரசங்கி நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருந்த கதவை அம்மா தன் கையாலேயே சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்பாவுக்குக் கொடுத்திருந்தது மரம் ஏறின அதே வரிக்காரன் கதை.

அப்பா எழுந்து நின்றார். "அன்பான" என்றார். அதற்கு மேல் வரவில்லை. எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். ஓர் அடி பின்னால் வைத்தார். இன்னோர் அடி. துரை தலையைக் குனிந்து நோட்டில் ஏதோ எழுதினார். அம்மாவின் கை என் கையை இறுக்கிப் பிடித்தது. மூன்றாவது அடிக்குக் கால் எழும்பிவிட்டது.

"ஓய், கடைசிப் பனை! ஒண்ணும் கேக்கல்ல!"

கோயில் முழுவதும் திடுக்கிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. அந்தக் கிழட்டுப் பனையில் அவருக்கு வேலையும் இல்லை.

அப்பா மட்டும் திடுக்கிடவில்லை. தினமும் கேட்கிற சொல் அல்லவா? எழும்பின கால் முன்னால் விழுந்தது. தெற்கு ஜன்னல் பக்கம் திரும்பினார். "அன்பான சகோதரரே!" என்றார் பாருங்கள், ஓட்டில் இருந்த புறா எல்லாம் பறந்தது. எங்களுக்கு முக்கால்வாசி முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்தே முழுப் பிரசங்கத்தையும் பண்ணினார். அந்தக் குள்ள மனுஷன் கூட்டத்துக்குப் பயந்ததைச் சொன்னார். நாலு பேர் முகத்தைப் பார்க்கக் கூசி, இலைக்குள் ஒளிந்துகொண்டாவது பார்க்கலாம் என்று ஏறினதைச் சொன்னார். யார் கண்ணிலும் படாமல் இருந்தவனைத் தேடி ஆண்டவர் மரத்தடிக்கே வந்து நின்றதைச் சொன்னார். நான் வெளியே பார்த்தேன். உள்ளங்கால் அசையவே இல்லை.

"ஆண்டவரு நிமிந்து பாத்தாரு. இறங்கி வாண்ணு சொன்னாரு" என்றார் அப்பா. எழுத்துத் தமிழ் எல்லாம் எப்போதோ போய்விட்டது. கொஞ்சம் நிறுத்தி, கையை உயர்த்தி, பதமாகச் சொன்னார். "மெள்ள. ஒரு அவசரமும் இல்ல. காலப் பாத்து வச்சு இறங்கு."

"அதாக்கும்!" என்று ஆமென் வந்தது உச்சியிலிருந்து.

பெண்கள் பக்கம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டோம். துரை எழுந்தார். "யார் அது?" என்று கேட்டார். களியக்காவிளைக்காரர்தான் மெல்ல எழுந்து, "சபையார், துரையவர்களே" என்றார்.

துரை ஜன்னல் அருகே போய் நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்து நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பிரசங்கி தன் சபையைப் பார்த்துப் பேசவேண்டும் என்று நான் கற்பித்தேன். இவர் தம்முடைய சபையைப் பார்த்தே பேசினார்." நோட்டில் முன்பு எழுதியதைப் பென்சிலால் அடித்தார். அம்மா என் கையை விட்டபோது விரல் அடையாளம் அதில் பதிந்திருந்தது.

நரி கிணற்றைவிட்டு வெளியே வந்தது. நானே வாசித்துத் தெரிந்துகொண்டேன்.

படிப்பு முடிந்து, அப்பாவைக் கீரிப்பாறைப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு சின்னச் சபைக்கு அனுப்பினார்கள். வண்டியில் சாமான் ஏற்றுகிற நேரம் உச்சிப் பாதிரி தரையில் நடந்தே எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் ஓலைப் பெட்டி நிறையக் கருப்பட்டி. அதை அப்பா கையில் வைத்துவிட்டுப் பெருவிரலைப் பார்த்தார். அப்பாவும் வாங்கிக்கொண்டு தன் பெருவிரலைப் பார்த்தார். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

"இப்பிடியே நிண்ணா வண்டிக்காரன் மாட்ட அவுத்துத் தண்ணிக்கு விட்டுருவான்" என்றாள் அம்மா. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

வண்டி நகர்ந்து, கோயில் தாண்டி, ரோட்டில் திரும்பியது. அப்பா ஓலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது பின்னால் பனைவிளையிலிருந்து குரல் வந்தது.

"ஓய், கடைசிப் பனை! போயிட்டு வாரும்! பிள்ளையப் படிக்க வையும்! கேக்குதா?"

அப்பா ஓடுகிற வண்டியில் எழுந்து நின்றுவிட்டார். விழுந்துவிடுவாரோ என்று அம்மா வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். என் ஆயுளில் அப்பா போட்ட மிகப் பெரிய சத்தம் அதுதான்.

"கேக்குது ஓய்! நல்லாக் கேக்குது!"

கீரிப்பாறைப் பக்கம் பனையே கிடையாது. முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் சத்தம் இறங்கிக்கொண்டே போனது. பின் வரிசையிலிருந்து அம்மா, "கேக்கல்ல!" என்றாள். சபையார் திரும்பி முறைத்தார்கள். அம்மா அசையவில்லை. அதற்குப் பிறகு முப்பது வருஷம் அந்த வேலையை அவள்தான் பார்த்தாள்.

உச்சிப் பாதிரியின் பேர் என்ன என்று நாங்கள் கடைசி வரை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றின காலத்தில் சொல்ல ஆள் இல்லை. எங்கள் வீட்டுச் சாயங்கால ஜெபத்தில் அப்பா கடைசியாக ஒரு வரி சேர்த்துக்கொள்வார். அப்பா போன பிறகு அதை அம்மா சொன்னாள். இப்போது நான் சொல்லுகிறேன். மரத்தில் இருக்கிறவருக்குக் கால் வழுக்காமல் காத்தருளும் ஆண்டவரே, மெள்ள இறங்கட்டும். பேர் தெரியாததால், பனையில் இருக்கிற எல்லாருக்குமாகவே கேட்டுக்கொள்ளுகிறேன்.